பின்சுவரின் உட்பக்கம்

மலைமேல் இருந்த கல்லூரி ஒன்றில் ரேடியோ அலைகளின் போக்கைக் கணக்கிடச் சொல்லிக்கொடுத்து வந்தார் ஒரு கன்னியாஸ்திரி. பெயர் வெரோனிக்கா. அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த மங்கையர்க்கரசி வயதில் அவரைவிட மூத்தவள். சமவெளியில் ஒரு பாலிடெக்னிக்கில் பல வருஷம் பாடம் எடுத்துவிட்டு, இன்னும் படிக்க ஆசைப்பட்டு மலையேறி வந்தவள். சிஸ்டர் அவளை மங்கை என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் நீங்க என்பார்.

கல்லூரிக்குக் கீழே, சரிவில், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் இருந்தன. தோளோடு தோள் ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும் வீடுகள். பெருமழையில் அந்தச் சரிவில் மண் இறங்கும். முன்பு ஒரு முறை ஒரு வரிசையே போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஒரு பெட்டி வைப்பதென்று முடிவானது. மழை அளவு தாண்டினால் உச்சியில் இருக்கும் கோபுரம் ஓர் அலையை அனுப்பும். அலை வந்து தொட்டதும் பெட்டி அலறும். தூங்குகிறவர்கள் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

எந்த வீட்டுக்குள் அலை போகும், எந்த வீட்டுக்குள் போகாது என்று கணக்குப் போட்டு வரைபடம் தருவது மங்கையின் வேலை.

அவள் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. அலைக்கு மலை என்பது ஒரே பொருளல்ல. மேலே தேயிலைச் செடி, அதன் கீழே ஈர மண், அதற்கும் கீழே பாறை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் நுழையும், கொஞ்சம் தேயும். மங்கை மண்ணைத் தோண்டி எடுத்து அதன் ஈரத்தை அளந்தாள். காய்ந்த மண்ணுக்கு ஒரு கணக்கு, நனைந்த மண்ணுக்கு ஒரு கணக்கு. சுவரையும் அப்படியே பிரித்தாள். ஆளில்லாமல் இடிந்து கிடந்த ஒரு லயன் வீட்டின் மூலையில் உட்கார்ந்து அடுக்கடுக்காகச் சுரண்டினாள். வெளியே சுண்ணாம்புப் பூச்சு, பிறகு கருங்கல், இடையில் மண் சாந்து, மறுபக்கம் மறுபடி பூச்சு. ஒவ்வோர் அடுக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கூரை தகரம், அதில் அலை நுழையாது. உச்சியிலிருந்து வருவது பின்சுவர் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். அதனால் பின்சுவரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள்.

அலை நுழையாத வீடு சிவப்பாக வரும். நுழைந்தால் பச்சை. வரைபடம் முழுக்கப் பச்சையாக வந்தது.

சிஸ்டர் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றார். மங்கை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே வந்து மாட்டித் தருகிறோம் என்று ஆட்கள் சொன்னபோது, ஆணி அடிக்க எங்களுக்குத் தெரியாதா என்று லயன் வீட்டு ஆண்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை சுலபமாக முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சோதனை நாளில் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ஜீப்பிலும் ஒரு பெட்டி இருந்தது. மேலேயிருந்து அலை வந்ததும் அது ஊளையிட்டது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு கூடவே ஊளையிட்டார்கள். தகரக் கூரையில் மழை வேறு. மங்கை நான்காம் வரிசையில் யோகராணி என்ற பெண்ணின் வாசலில் நின்றாள். கைக்குழந்தைக்காரி. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

பெட்டி அடித்ததா என்று மங்கை கேட்டாள்.

அடித்தது என்றாள் யோகராணி.

மங்கையின் தலை கதவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்றாள். வரைபடத்தில் அந்த வீடு பச்சை. வீட்டுக்காரியும் அடித்தது என்கிறாள். கையிலிருந்த டேப்லெட்டில் அந்த வீட்டுக்கு நேராக ‘அடித்தது’ என்று தொட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அடுத்தடுத்த வாசல்களில் அவள் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டாம் என்று இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற நிலையில் சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

“ஒரு சந்தேகம் சிஸ்டர்.”

“சொல்லுங்க.”

“கணக்கு ஒண்ணு சொல்லுது. நேர்ல இருந்தவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஒரே ஒரு அளவீடு மட்டும் ஒத்துவரல. எதை எடுத்துக்கிறது?”

“எந்தக் கருவியில எடுத்த அளவீடு?”



“காது,” என்றாள் மங்கை.

“யாரோட காது?”



மங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு சிஸ்டர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

இறங்குகிற வழியெல்லாம் மங்கை பேசிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு மழை பலமாக இருந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், பெட்டியின் பேட்டரி சரியில்லாமல் இருந்திருக்கலாம், சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். சிஸ்டர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். ஒரு வளைவில் மட்டும், இங்கே பாசி இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள் என்றார். அதற்குப் பிறகு மங்கை பேசவில்லை. ‘அடித்தது’ என்று தொட்டபோது தன் மனசில் வந்து போனது என்ன என்று அவளுக்குத் தெரியும். பயமல்ல. அப்பாடா என்ற நிம்மதி. அதை நினைக்கையில் இந்தக் குளிரிலும் காது மடல் சுட்டது.

யோகராணி வாசலுக்கு வந்தாள். வாங்க சிஸ்டரம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே பின்கையால் கதவை இழுத்துச் சாத்தினாள். குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தது. அதன் மூச்சில் சின்ன விசில் கேட்டது.

பெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள் மங்கை. அதற்கென்ன என்று யோகராணி உள்ளே போய்ப் பெட்டியைக் கழற்றி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். மங்கை கல்லூரிக்குப் போன் செய்து சோதனை அலை அனுப்பச் சொன்னாள். அலை வந்தது. நிஜ ஆபத்து என்றால் நிற்காமல் அலறும். சோதனை என்றால் விட்டு விட்டு அலறும். பெட்டி யோகராணியின் கையிலேயே விட்டு விட்டு அலறியது. குழந்தை வீரிட்டது.

பக்கத்து வீட்டுச் செபமாலை எட்டிப் பார்த்தாள்.

“என்ன டீச்சர், பெட்டி அன்னைக்கு பெயிலாயிடுச்சா? மறுபரீட்சையா?”

“நல்லாத்தான் இருக்கு பாருங்க,” என்றாள் யோகராணி, மங்கையைப் பார்க்காமல்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு சுவரில்தான். உள்ளே வந்து சுவரை ஒரு தடவை அளந்துகொள்ளலாமா என்று கேட்டாள். வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்றாள் யோகராணி. ஐந்தே நிமிஷம் என்றாள் மங்கை. குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் என்றாள் அவள். மங்கைக்குப் பொறுமை போயிற்று. இது சர்க்கார் காரியம், ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது என்று குரலை உயர்த்தினாள்.

யோகராணியின் முகம் மாறியது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

“அவ்வளவுதான்,” என்றாள் செபமாலை. “இனி மாமியா வந்தாக்கூடத் திறக்க மாட்டா.”

தூறல் வலுத்தது. சிஸ்டர் குடையை விரித்துக்கொண்டு வாசற்கல்லில் உட்கார்ந்தார்.

“போகலாமா சிஸ்டர்?”

“நீங்க போங்க.”

“நீங்க?”

“நான் இந்த வீட்டுப் பெட்டி அடிக்குமான்னு தெரிஞ்சுக்கிட்டு வரேன்.”

மங்கை போகவில்லை. போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குடைக்கு வெளியே நின்று நனைந்தாள். செபமாலை தன் வாசலில் வசதியாகச் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று வாசல்களில் தலைகள் தெரிந்தன. கதவுக்குப் பின்னால் குழந்தை இருமியது. இருமி முடிக்க அதற்கு வெகுநேரம் ஆனது.

மங்கை கதவருகே போனாள். தட்டவில்லை.

“யோகராணி,” என்றாள். “அன்னைக்கு நான் இந்த இடத்துலதான் நின்னேன். பெட்டி அடிக்கல. எனக்குக் கேக்கல. ஆனா அடிச்சதுன்னு போட்டுட்டேன்.”

அவள் கதவை இன்னும் நெருங்கி நின்றாள்.

“நீங்க சொன்னதால போடல. என் கணக்கு தப்பாயிடக் கூடாதுன்னு போட்டேன்.”

இதைச் சொன்னபோது அவள் குரல் தெருவுக்கே கேட்டது. செபமாலை சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து நின்றாள். பிறகு மெல்ல உள்ளே போனாள். சிஸ்டர் குடையைச் சற்றுத் தாழ்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள் விலகியது. யோகராணி கண்ணைக் கீழே போட்டபடி நின்றாள்.

“எனக்கும் கேக்கல டீச்சர்.”

அவள் வழிவிட்டாள். உள்ளே ஒரே அறை. பின்சுவர் முழுக்க ஒரு பழைய புடவை தொங்கியது. யோகராணி குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, புடவையை ஒதுக்கினாள்.

சுவர் வெள்ளியாக இருந்தது. தரையிலிருந்து கூரையடி வரை, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிய தாள். தேயிலைத் தூள் அடைக்கிற மூட்டை அது. வெளியே காகிதம், உள்ளே அலுமினியத் தாள். மூட்டையைப் பிரித்து, வெள்ளிப் பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள்.

மங்கை விரலால் தொட்டாள். நகத்தைவிட மெல்லிசு. அவள் கணக்கில் ஏற்றிய கருங்கல்லையும் மண் சாந்தையும் கடந்து தேய்ந்து வரும் அலை, இதில் முட்டித் திரும்பிப் போகும். அதற்கான சூத்திரத்தை அவள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியே காட்டியிருக்கிறாள்.

யோகராணி சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. மழைக்காலத்தில் பின்சுவர் வேர்க்கும். குழந்தைக்கு இழுப்பு. புருஷன் ஃபாக்டரியில் இருக்கிறான். கிழிந்த மூட்டைகளை அங்கே அடுப்பில்தான் போடுவார்கள். அதில் கொஞ்சம் மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஒட்டிய பிறகு பிள்ளையின் நெஞ்சு கொஞ்சம் சும்மா இருக்கிறது. ஆனால் எரிக்கிற சாமானானாலும் கேட்டைத் தாண்டினால் திருட்டுதான். இதே மூட்டைக்காக இன்னொருவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும்.

“அடிக்கலன்னு சொன்னா உள்ள வந்து பாப்பீங்கல்ல. அதான்.”

“அப்ப மழை பெஞ்சா?” என்று மங்கை கேட்டாள்.

“தூங்க மாட்டேன்.”

மங்கை அவளைப் பார்த்தாள்.

“அவருக்கு நைட் ஷிப்டு. புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். மேல கல்லு உருளுதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். பெட்டிக்குப் பதிலா நான் முழிச்சிருந்தாப் போதும்னு நெனச்சேன்.” அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைத்தான் மறுபடி சரிசெய்தாள். “போன வாரம் அப்படி ஊத்துச்சுல்ல. அன்னைக்குக் கண்ணசந்துட்டேன் டீச்சர். விடிஞ்சுதான் முழிச்சேன். பெத்தவ நான். எப்படித் தூங்குனேன்னு தெரியல.”

 தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

“எழுதிடுவீங்களா சிஸ்டரம்மா?” என்று யோகராணி கேட்டாள்.

“சுவத்துல என்ன இருக்குன்னு எழுதுவோம்,” என்றார் சிஸ்டர். “யார் கொண்டாந்தாங்கன்னு கம்ப்யூட்டர் கேக்காது. எந்த வீடுன்னு நாங்களும் சொல்ல மாட்டோம். எல்லா வீட்டுச் சுவத்துலயும் இந்தத் தாள் இருக்கற மாதிரியே கணக்குப் போடுவோம்.”

“பிய்க்கணுமா?”

சிஸ்டர் மங்கையைப் பார்த்தார்.

மங்கை சுவரை மேலும் கீழும் பார்த்தாள். கூரைக்கு அடியில் புகை போக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. பிய்க்க வேண்டாம் என்றாள். பெட்டியின் ஏரியல் கம்பியோடு தன் பையிலிருந்த ஒரு வயரை முறுக்கி, அதன் மறுமுனையை அந்தத் துவாரம் வழியாக வெளியே விட்டால் போதும். நாற்காலி இல்லாததால் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். வயர் இரண்டு தடவை நழுவியது. யோகராணி டிரம்மை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். விழுந்து வைக்காதீங்க டீச்சர், அப்புறம் அதுக்கும் ஒரு பெட்டி வைப்பாங்க என்றாள். சொல்லிவிட்டுத் தானே பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

மங்கை போன் செய்தாள். அலை வந்தது. மறுபடி வெள்ளிச் சுவரில் மாட்டிய பெட்டி, அறையே அதிரும்படி அலறியது. குழந்தை வீரிட்டு அழுதது. யோகராணி அதைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்பதுபோல நின்றாள். அவள் கண்ணிலிருந்து அது பாட்டுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இதற்குள் சிஸ்டர் வெளியே போயிருந்தார். வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“மங்கை. பெட்டியை அணைச்சுட்டு வெளியே வாங்க. மேலேயிருந்து இன்னும் அனுப்பட்டும்.”

மங்கை பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஜீப் இல்லை, ஊளையிடும் பிள்ளைகள் இல்லை.  மங்கை காது கொடுத்தாள்.

மேல் வரிசையில் எங்கோ ஒரு பெட்டி அடித்தது. இந்த வரிசையின் கடைசி வீட்டில் ஒன்று அடித்தது. நடுவில் எதுவும் இல்லை. ஈரச் சுவர்களும், அடைத்த ஜன்னல்களும், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டும் இருந்தன. அத்தனை வீட்டுக்கும் நேராக அவள் ‘அடித்தது’ என்று தொட்டிருந்தாள்.

செபமாலை தன் வாசலுக்கு வந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

“அடிச்சுச்சு சிஸ்டர்,” என்றாள். “எங்க வீட்டுல நல்லா அடிச்சுச்சு.”

அவளுக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பின்சுவரில் ஒரு போர்வை தொங்கியது. மங்கை பார்ப்பதைப் பார்த்ததும் செபமாலை கதவைத் தன் முதுகால் தள்ளிச் சாத்தினாள். கேலி பேசிய வாய் இப்போது ஒரு மாதிரி இறுகியிருந்தது.

மங்கை அந்த வரிசையைக் கடைசி வரை பார்த்தாள். அதற்கு மேல் ஒரு வரிசை. அதற்கும் மேல் ஒன்று.

“யோகராணிகிட்ட சொன்னதையே எல்லா வாசல்லயும் சொல்லணுமா சிஸ்டர்?”

சிஸ்டர் குடையை அவள் கையில் கொடுத்தார்.

“வேற எதைச் சொன்னா திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அதைச் சொல்லுங்க.”